கதவைத் தட்டும் ஒலி

இலண்டனின் வடமேற்கே, ஹரோ நகரசபை எல்லைக்குள் அமைந்த ரெய்னர்ஸ் லேனை அறியாத தமிழ்க் குடும்பங்கள் பிரித்தானியாவில் மிகச் சிலவே. 1906ஆம் ஆண்டில் வயல்களுக்கு நடுவே ஒரு சிறு தரிப்பிடமாகத் திறக்கப்பட்ட அதன் பாதாள ரயில் நிலையம், சுற்றிலும் வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தபின், 1938இல் இன்று நாம் காணும் உயர்ந்த செங்கற் கட்டடமாக உருமாறியது. அவ்வீடுகள் பலவற்றில் இன்று எம்மவர் வாழ்கின்றனர். நிலையத்தை அண்டிய கடைகளில் முருங்கைக்காயும் ஒடியல் மாவும் வாங்கலாம். மார்கழி பிறந்துவிட்டால் மாலை நான்கு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடுகிறது. வேலை முடிந்து வருவோரும், வேலை செய்ய அனுமதியில்லாத காரணத்தால் நாள் முழுதும் அறைக்குள் இருந்து சலித்து வெளியே நடக்க வருவோரும், அந்த நிலையத்து வாசலின் ஒரே வெளிச்சத்திற்குள் ஒருவரையொருவர் கடந்து போகின்றனர்.

கடைத்தெருவில் நத்தார் அலங்காரங்கள் கார்த்திகையிலேயே தொங்கத் தொடங்கிவிடுகின்றன. (கிறிஸ்து பிறப்பை நத்தார் என்று அழைப்பது போர்த்துக்கேயர் எம்மிடம் விட்டுச்சென்ற வழக்கு. அவர்கள் போய் மூன்றரை நூற்றாண்டுகள் கடந்த பின்னும் சொல் எம்முடன் கப்பலேறி இங்கு வந்து சேர்ந்துவிட்டது.) ஆனால் ஆலயங்களில் இக்காலம் ஆரவாரமின்றியே தொடங்குகின்றது. நத்தாருக்கு முன்வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளையும் கொண்ட இக்காலத்தைத் திருவருகைக் காலம் என்கின்றனர். எமது பாட்டன்மார் ஆகமன காலம் என்றனர். குருவானவர் ஊதா நிற உடை அணிவார். பாடல்களில் மகிழ்ச்சி அடக்கி வைக்கப்பட்டிருக்கும். கடைக்காரர் கொண்டாட்டத்தை விற்றுக்கொண்டிருக்கும் அதே வாரங்களில், ஆலயம் மக்களைக் காத்திருக்கச் சொல்கின்றது.

இப்பத்திரிகையை வாசிப்போருட் பெரும்பாலானோர் சைவர்கள் என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் ஊரில் பாடசாலை சென்ற எவருக்கும் இக்காலம் அந்நியமானதன்று. மார்கழித் தவணை முடிவதற்குமுன் பாடசாலைகளில் நடக்கும் ஒளிவிழாவில் சைவப் பிள்ளைகளும் தேவதூதராக வெள்ளைத் துணி கட்டி நின்றதுண்டு; இடையனாகப் போர்வை போர்த்தி நின்றதுண்டு. கார்த்திகை விளக்கீட்டுக்கு முற்றத்தில் சுட்டி ஏற்றிய கைகளே சில வாரங்களின் பின் ஒளிவிழாவில் மெழுகுதிரி ஏற்றின. ஆதலால் நாம் இங்கு எழுத முனைவது ஒரு சமயத்தாரின் உள்வீட்டு விடயமன்று. காத்திருத்தல் என்பது அகதியின் தொழில். காத்திருத்தலையே ஒரு வழிபாடாக்கி வைத்திருக்கும் இக்காலம் அவனுக்கு என்ன சொல்கிறது என்பதே எமது கேள்வி.

முதலில் ஒரு சொல்லைப் பார்க்க வேண்டும். புரட்டஸ்தாந்தரின் பழைய தமிழ் வேதாகமம் பவுல் அடியார் கூறும் மூன்று பண்புகளை விசுவாசம், நம்பிக்கை, அன்பு என மொழிபெயர்த்தது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அவற்றையே நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்றது. முன்னதில் இரண்டாம் இடத்தில் நின்ற நம்பிக்கை பின்னதில் முதலிடத்திற்குப் போய்விட, அதன் இடத்தில் எதிர்நோக்கு வந்து அமர்ந்தது. இம்மாற்றத்தைச் சிலர் குழப்பம் என்று குறை கூறுவர். எமக்கோ எதிர்நோக்கு என்னும் சொல் மிகவும் பொருத்தமாகவே படுகிறது. நம்பிக்கை மனத்திற்குள் இருப்பது. எதிர்நோக்கு என்றால் கண் எங்கோ வெளியே பார்க்கின்றது. வருகின்ற ஒருவருக்காகத் தெருவைப் பார்த்துக்கொண்டு படலையடியில் நிற்பதைப் போன்றது அது.

ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் வாசகர்கள் இக்காலத்து மலர்வளையத்தை நன்கு அறிவர். பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுதிரிகள். ஞாயிறு தோறும் ஒன்று. இவ்வழக்கத்தைத் தொடக்கியவராகக் கருதப்படுபவர் ஜொகான் ஹின்றிச் விகேர்ன் என்னும் போதகர். ஹம்பேர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கென அவர் நடத்திய இல்லத்தில், நத்தார் எப்போது வரும், எப்போது வரும் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டனராம். 1839ஆம் ஆண்டில் அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, நாளுக்கொன்றாகச் சிறிய திரிகளும் ஞாயிற்றுக்கொன்றாகப் பெரிய திரிகளும் அதில் நாட்டிவிட்டார். இனிப் பிள்ளைகள் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

அழகான ஏற்பாடுதான். ஆனால் அகதியின் காத்திருத்தலுக்கு அப்படியொரு சக்கரம் இல்லை. எத்தனை திரி என்று எவரும் அவனுக்குச் சொல்வதில்லை. விண்ணப்பம் கொடுத்த நாள் தெரியும். நேர்முக விசாரணை நடந்த நாள் தெரியும். அதற்கப்பால் உள்ள நாட்களுக்கு எண்ணில்லை. நத்தாருக்குமுன் கடிதம் வரும் என்று சட்டத்தரணி சொல்வார். எந்த நத்தார் என்று அவரும் சொல்வதில்லை. ஊரில் தாய்க்கு ஒரு பதில், இங்கே நண்பர்களுக்கு ஒரு பதில், தனக்குத்தானே சொல்லிக்கொள்ள எதுவுமில்லை என்ற நிலையில் ஆண்டுகளைக் கடத்தும் எத்தனையோ இளைஞரை நாம் அறிவோம். கடிதப் பெட்டியின் தகடு படாரென்று விழும் ஓசைக்கே நெஞ்சு துடிக்கும் அனுபவம் எம்மிற் பலருக்குண்டு.

இத்தகைய ஒருவரிடம் போய், நம்பிக்கையாய் இரு தம்பி, எல்லாம் சரிவரும் என்று கூறுவது எளிது. ஆலயத்திற் கூறுகிறோம், கலியாண வீட்டிற் கூறுகிறோம், தொலைபேசியிலும் கூறுகிறோம். கூறுபவர் இலேசான மனத்தோடு வீட்டுக்குப் போகிறார். கேட்டவர் பழைய இடத்திலேயே இருக்கிறார். இவ்வாறு கூறுவதில் உள்ள கோளாற்றை எமக்குத் தெளிவாக்கியவர், ஒரு காலத்தில் இதே இலண்டனில் புலம்பெயர்ந்த மக்கள் மத்தியில் வாழ்ந்த ஒரு ஜேர்மனியர்.

டீற்றிச் பொன்ஹோபர் 1933ஆம் ஆண்டின் இறுதியில், ஹிற்லர் ஆட்சிக்கு வந்து ஓராண்டு கூட நிறைவடையாத வேளையில், இலண்டனில் இரு ஜேர்மன் சபைகளுக்குப் போதகராக வந்தார். ஒன்று தெற்கே சிடனத்தில். மற்றையது கிழக்கே வைற்சப்பலில். வயது இருபத்தேழு. நாட்டை விட்டு ஓடிவந்த அகதிகள் அவரது உதவியை நாடி வந்தனர். அவ்வாண்டு மார்கழி 3ஆம் திகதி, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, அவர் தம் சபையாருக்கு ஆற்றிய பிரசங்கம் இன்றும் வாசிக்கப்படுகிறது. அப்போது பத்திரிகைகளில் வெளிவந்திருந்த ஒரு சுரங்க விபத்தை அவர் எடுத்துக்கொண்டார். மண் சரிந்து, நிலத்தடியில் அகப்பட்டுக் கிடக்கின்றான் ஒரு தொழிலாளி. வழி அடைபட்டுவிட்டது, இருள், காற்றும் குறைந்து வருகிறது. மேலே மனிதர் தன்னைத் தேடுவர் என்பதை அவன் அறிவான், ஆனால் அவனால் எதுவும் செய்ய இயலாது. அந்நேரத்தில் தொலைவில் பாறையில் தட்டும் ஓசை கேட்கிறது. பின்னர் ஒரு குரல். அதன் பின்பு அவனுடைய காத்திருத்தல் முன்னைய காத்திருத்தலன்று. இன்னும் அவன் அதே குழிக்குள்தான் கிடக்கின்றான். ஆனால் தலை நிமிர்ந்துவிட்டது. இதுதான் திருவருகைக் காலம் என்றார் பொன்ஹோபர்.

பத்தாண்டுகளின் பின் அவரே குழிக்குள் இருந்தார். 1943 சித்திரையில் நாஜிகளாற் கைதுசெய்யப்பட்டு, பெர்லினின் ரேகல் சிறையில் அடைக்கப்பட்டார். அவ்வாண்டு கார்த்திகையில் நண்பருக்கு எழுதிய மடலில், சிறைக்கூடம் திருவருகைக் காலத்தை ஒத்தது என்று குறிப்பிட்டார். உள்ளே இருப்பவன் எதையெதையோ செய்கிறான், நம்புகிறான். ஆனால் கதவு பூட்டியிருக்கிறது, அதை வெளியிலிருந்து மட்டுமே திறக்கலாம் என்பது அவர் கருத்து. 1945 சித்திரை 9ஆம் திகதி, போர் முடியச் சில வாரங்களே இருந்த நிலையில், பிளொசன்பேர்க் வதைமுகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

வெளியிலிருந்து மட்டுமே திறக்கப்படும் கதவு. இதை எண்ணிப் பார்த்தால், நம்பிக்கையாய் இரு என்று கூறுவது எவ்வளவு பிழையானது என்பது புலப்படும். உள்ளே அகப்பட்டவனையே உள்ளிருந்து கதவைத் திறக்கும்படி கேட்கிறோம். எதிர்நோக்கு அவனிடமிருந்து சுரக்க வேண்டிய ஒன்றன்று. பாறையின் மறுபுறத்திலிருந்து ஒருவர் தட்டவேண்டும். தட்டும் வேலை வெளியே நிற்பவருடையது.

ஆனால் தட்டும் ஓசை எம்மவருக்கு என்னவாக இருந்தது என்பதையும் சொல்லாமல் விடல் நேர்மையாகாது. ஒரு காலத்தில் மார்கழி இரவுகளில் யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர்களில் கீதம் பாடும் இளைஞர் விளக்குடன் வீடு வீடாகச் சென்று படலையைத் தட்டினர். உள்ளேயிருந்தவர்கள் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு வெளியே வந்தனர். பின்பு ஊரடங்கு வந்தது. இரவிற் கேட்கும் தட்டலுக்கு வேறு பொருள் உண்டாயிற்று. விளக்கை அணைத்து, பையனைப் பின்வாசலால் அனுப்பி, மூச்சை அடக்கியிருந்த வீடுகள் எத்தனை! அப்படித் தட்டப்பட்ட கதவுகளால் வெளியே சென்று திரும்பாதவர்களின் அன்னையர் இன்றும் தெருவோரங்களில் படங்களுடன் அமர்ந்திருக்கின்றனர்.

1995ஆம் ஆண்டின் திருவருகைக் காலத்தை யாழ்ப்பாணத்தார் மறக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஆடி 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தின்மீது வீசப்பட்ட குண்டுகளால், அங்கு தஞ்சமடைந்திருந்த மக்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஐப்பசி 30ஆம் திகதி மழைக்குள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர். பலர் அங்கிருந்து கிளாலிக் கடனீரேரி கடந்து வன்னிக்குச் சென்றனர். மார்கழி 3ஆம் திகதி முதலாம் ஞாயிறு. 5ஆம் திகதி, வெறிச்சோடிய யாழ்நகரில் அரசாங்கம் கொடியேற்றியது. அந்த முதலாம் ஞாயிறு பாடசாலை மண்டபங்களிலும் மரநிழல்களிலும் கழிந்த ஞாயிறு.

கத்தோலிக்கத் திருச்சபையில் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்றில் உலகெங்கும் ஒரே ஒழுங்கில் வருகின்றன. குருவானவர் விரும்பித் தெரிவு செய்வதன்று. அன்றைய நாளுக்கு விழுந்தவற்றுள் இரண்டு: வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் என்னும் எசாயாவின் தரிசனம்; வயலில் நிற்கும் இருவரில் ஒருவர் எடுத்துக்கொள்ளப்பட மற்றவர் விடப்படுவார் என்னும் மத்தேயுவின் பகுதி. உரோமையிலும் பாரிசிலும் அவ்வாசகங்களைக் கேட்டவர்கள் உலக முடிவைப் பற்றி எண்ணியிருக்கக் கூடும். ஒருவர் எடுக்கப்பட மற்றவர் விடப்பட்ட குடும்பங்கள் தென்மராட்சியில் அதை எவ்வாறு கேட்டிருக்கும் என்று விளக்க எமக்கு ஆற்றலில்லை. எதிர்நோக்கைப் பற்றிய எந்தப் பேச்சும் அம்மக்கள் நடுவே சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் கருத்திற் கொள்கிறோம். சொல்ல நா எழாவிட்டால் அப்பேச்சு ரெய்னர்ஸ் லேனுக்கும் உதவாது.

இனி, வெளியிலிருந்து தட்டியவர்களுக்கு ஒரு சான்று. 1986 மார்கழி 20ஆம் திகதி, அதாவது திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிற்றுக்கு முதல்நாள், மான்செஸ்ரர் நகரின் ஹியூம் பகுதியிலுள்ள விண்ணேற்ற ஆலயத்துள் ஒருவர் அடைக்கலம் புகுந்தார். அவர் விராஜ் மென்டிஸ். சிங்களவர், இடதுசாரி, தமிழரின் சுயநிர்ணய உரிமையை வெளிப்படையாக ஆதரித்தவர். அக்காரணத்தாலேயே இலங்கைக்குத் திருப்பி அனுப்பினால் தம் உயிருக்கு ஆபத்து என்றார். பங்குக் குருவானவர் ஜோன் மெதுவன் கதவைத் திறந்துவிட்டார். மூன்று நத்தார்கள் அவ்வாலயத்துக்குள்ளேயே கழிந்தன. அந்நாட்களில் ஆதரவாளர்கள் முறைவைத்து இரவு பகலாக அவருடன் தங்கினர். அவர்களுட் பலர் எந்த ஆலயத்துக்கும் போய்ப் பழகியவர்களல்லர். 760ஆம் நாள், 1989 தை 18 அதிகாலையில், பொலிசார் கதவுகளை உடைத்து உள்ளே புகுந்து அவரைக் கொண்டு சென்றனர். சில நாட்களுக்குள் அவர் கொழும்புக்கு அனுப்பப்பட்டார்.

ஆகவே அந்த அடைக்கலம் தோற்றுவிட்டது என்று கூறலாமா? கூறுவோர் உளர். ஆனால் அனுப்பப்பட்டவர் மறைந்துபோகவில்லை. அவர் பெயரை ஐரோப்பா முழுதும் அறிந்திருந்தது அவருக்குக் காப்பாயிற்று. பின்னர் ஜேர்மனியின் பிறேமன் நகரிற் குடியேறி, அகதிகளுக்காகவும் எம்மக்களுக்காகவும் பல்லாண்டுகள் உழைத்தார். 2013 மார்கழியில் அந்நகரில் கூடிய நிரந்தர மக்கள் தீர்ப்பாயத்தின் இலங்கை பற்றிய அமர்வுக்காகப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். 2024இல் அவர் காலமானபோது எம்மவர் பலர் கண்ணீர் சிந்தினர். ஒரு சிங்களவருக்காக, ஓர் ஆங்கிலேயக் குருவானவர் திறந்த கதவின் பயன் தமிழருக்கு வந்து சேர்ந்தது.

ரெய்னர்ஸ் லேனில் ஆலயத்தை அடைக்கலமாகத் திறக்கும் நிலை இன்று எழவில்லை. இங்கு தேவைப்படும் தட்டல்கள் சிறியவை. சென்ற ஆண்டுகளில் ஒன்றில் நாம் நேரிற் கேட்ட ஓர் உரையாடலை இங்கு தருகிறோம். மேல்மாடி அறையொன்றில் வாடகைக்கிருந்த இளைஞர் ஒருவருக்கு மறுநாள் மேன்முறையீட்டு விசாரணை. கீழ்வீட்டில் வாழும் அம்மையார் படியேறிச் சென்று கதவைத் தட்டினார்.

“தம்பி, நாளைக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடுறீர்?”

“ஆறரைக்கு அன்ரி.”

“அப்ப நானும் வாறன்.”

“உங்களுக்கு ஏன் அன்ரி கரைச்சல்? அங்க போய்ச் சும்மா இருக்கிறதுதானே.”

“சும்மா இருக்கத்தான் வாறன்.”

அவ்வம்மையார் ஒரு பிளாஸ்கில் தேநீரும் நான்கு இடியப்பப் பொதிகளும் எடுத்துக்கொண்டு போனார். மண்டபத்தின் பின்வரிசையில் நாள் முழுதும் இருந்தார். வழக்கு அன்று முடியவில்லை. வேறொரு திகதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அந்தத் திகதிக்கும் போனார். ஆங்கிலம் அதிகம் அறியாத அவர் அங்கு செய்யக்கூடியது எதுவுமில்லை. ஆனால் அந்த இளைஞர் பின்பு எம்மிடம் சொன்னது, விசாரணையின்போது தான் திரும்பிப் பார்த்த நேரமெல்லாம் அவர் அங்கே இருந்தார் என்பதுதான். அம்மையார் கத்தோலிக்கர், இளைஞர் சைவர். சமயம் பற்றி இருவரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

கிறிஸ்தவ எதிர்நோக்கைப் பகிர்தல் என்றதும் துண்டுப்பிரசுரம் கொடுப்பதையும் மதம் மாற அழைப்பதையும் எண்ணி எம் சைவ வாசகர்கள் முகஞ்சுளிப்பதில் நியாயமுண்டு. இக்கட்டான நிலையில் உள்ளவனிடம் உதவியை ஒரு கையிலும் ஞானஸ்நானத்தை மறுகையிலும் நீட்டுவது அழகன்று என்பதே எமது கருத்தும். நத்தார் கதையிலேயே பாருங்கள். குழந்தையைக் காண வந்த கீழ்த்திசை ஞானிகளை மத்தேயு எழுதிய கிரேக்கம் மகோய் என்கிறது; அது முதலிற் பாரசீகத்துச் சமயக் குருமாரைக் குறித்த சொல். அவர்கள் வந்தனர், வணங்கினர், கொண்டுவந்ததைக் கொடுத்தனர், தம் நாட்டுக்குத் திரும்பினர். மதம் மாறினார்கள் என்று எங்குமில்லை. ரெய்னர்ஸ் லேன் வாசிகளுக்கு இதில் ஒரு சுவையுண்டு. அலெக்சாந்திரா அவெனியூவில் 1936இல் திறக்கப்பட்ட பழைய திரையரங்கில் 2000ஆம் ஆண்டளவிலிருந்து இயங்கி வருவது சரதுஸ்திரரின் சமயத்தவருக்கான நிலையம். அந்தப் பாரசீகக் குருமாரின் வழிவந்த சமயம் அது. நாடிழந்து கடல்கடந்து இந்தியாவுக்கு ஓடிய மக்களின் வழித்தோன்றல்கள் அங்கு கூடுகின்றனர். ஞானிகளைத் தேடி நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை!

அக்கதையின் இன்னொரு பகுதி மேடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்கு ஓடியதை எல்லாரும் சொல்வர். ஏரோது இறந்தபின் திரும்பி வந்த யோசேப்பு, அவன் மகன் அர்க்கெலாவு யூதேயாவை ஆள்வதைக் கேள்வியுற்று அங்கு போக அஞ்சி, வடக்கே கலிலேயாவில் நாசரேத்தூரில் குடியமர்ந்ததாக மத்தேயு எழுதுகிறார். ஆட்சி மாறிவிட்டது, இனிப் பயமில்லை, திரும்பிப் போகலாம் என்று அகதிகளுக்குக் கூறும் அரசாங்கங்கள் வாசிக்க வேண்டிய பகுதி இது. திரும்பியவருக்கும் சொந்த ஊர் கிட்டவில்லை.

இவ்வாண்டும் ரெய்னர்ஸ் லேனையும் சூழவுள்ள ஊர்களையும் சேர்ந்த எம் இளைஞர் கீதம் பாட வீடு வீடாகப் புறப்படுவர். பெரிய வீடுகளின் பட்டியல் அவர்களிடம் உண்டு. அங்கு கேக்கும் பலகாரமும் கிடைக்கும், நன்கொடையும் சேரும். அப்பட்டியலில் ஓர் அறை மட்டும் உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். கடைக்கு மேலுள்ள அறைகள், பின்வளவுக் கொட்டில்கள், அரசு வாடகைக்கெடுத்த விடுதிகள் யாவற்றிலும் எம்மவர் இருக்கின்றனர். விடுதிகளுக்குச் செல்வதாயின் முன்கூட்டி அனுமதி பெறவேண்டியிருக்கும். தனி அறைகளுக்குச் செல்வதாயின் முதல்நாளே தொலைபேசியிற் சொல்லிவிடுங்கள். தட்டியதும், கதவு திறக்குமுன்னரே, யார் வந்திருக்கிறீர்கள் என்பதைத் தமிழில் உரத்துச் சொல்லுங்கள். எதிர்பாராத தட்டலுக்கு இன்னும் விளக்கை அணைப்பவர்கள் அங்கே உள்ளனர்.